பாஷாவுக்குப் போர்த்திய பொன்னாடை

நாகபூசணி பிறந்தது 1978இல். மூன்று மாதமாக அவரை ஆட்டிப்படைத்ததோ 1918. அந்தக் கோடையில், புதிதாய்ப் பிறந்த ஆர்மேனியா, தன் மக்களைக் கொன்று குவித்த ஒட்டோமான் அரசிடமே பேச ஒரு குழுவை அனுப்பியது. குழுவின் தலைவர் ஓர் எழுத்தாளர்!

இதைச் சொன்னவர் கிறிகோரி. இத்தாலியில், பொலிதேயாமா என்ற பகுதியில் நாகபூசணி துப்புரவுக்குப் போகும் வீட்டுக்காரர், ஆர்மேனியர். அவருடைய பாட்டனார் அந்தக் கொலைகளிலிருந்து தப்பியவர். நாகபூசணிக்குக் கை துறுதுறுத்தது. அதே நகரில் சீசா என்ற பகுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் நாடகம் எழுதுகிறவராயிற்றே! பஸ்ஸிலேயே எழுதி முடித்து, கிறிகோரியைப் பிரதம விருந்தினராக அழைத்தார்.

“வருகிறேன்” என்றார் கிறிகோரி இத்தாலியனில். “ஆனால் அந்த எழுத்தாளரை மண்டியிட வைத்தால் எழுந்து போய்விடுவேன்.”

ஆண்கள் எவருக்கும் எழுத்தாளரின் நீண்ட வசனம் பாடமாகவில்லை. ஆகவே மீசை ஒட்டிக்கொண்டு எழுத்தாளராக நாகபூசணியே மேடையேறினார். ஒட்டோமான் அமைச்சரான பாஷாவாக அவருடைய கணவர் ஜெயரட்ணம். சிவப்புத் தொப்பி, உயர்ந்த நாற்காலி.

விழாத் தலைவர் கோபாலசிங்கம் பிந்தி ஓடிவந்தார். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தாமல் எங்கள் விழா எதுவும் நடக்காது. ‘தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர்’ என்று மட்டுமே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நேரே மேடையேறி, பாஷாவுக்குப் போர்த்திவிட்டார். ஜெயரட்ணமும் பழக்கதோஷத்தில் எழுந்து கும்பிட்டார். மண்டபம் கைதட்டியது.

முன்வரிசையில், துணித்தொப்பி போட்ட கிறிகோரி எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

நாகபூசணி மேசையில் ஓங்கித் தட்டினார்.

“பாஷா! எங்கடை விருந்தாளிக்கு வந்ததை நீங்கள் போர்த்துக்கொண்டு நிக்கிறியள். எங்கடை ஊருகளையும் இப்பிடித்தானே எடுத்தனியள்? ரெண்டையும் தாங்கோ!”

ஜெயரட்ணம் திகைத்துப்போய்த் தன் பாடத்தையே ஒப்புவித்தார்: “ஆலோசிச்சுச் சொல்லுறம்.”

“ஆலோசிக்க ஒண்டுமில்லை. கழட்டும்!”

அது எழுத்தாளரின் குரலல்ல, வீட்டுக் குரல். பின்வரிசையிலிருந்து ஒருவர், “அண்ணை, குடுத்திடுங்கோ, இல்லாட்டி இண்டைக்குச் சாப்பாடில்லை!” என்று கத்தினார். பாஷா கழற்றினார். நாகபூசணி கீழே பாய்ந்து இறங்கி, அதைக் கிறிகோரியின் தோளில் போர்த்தினார்.

“இது உங்களுக்குரியது. தவறு எங்களுடையது. தயவுசெய்து முடிவுவரை இருங்கள்” என்றார் இத்தாலியனில்.

கிறிகோரி மெல்ல அமர்ந்தார். நாடகம் தொடர்ந்தது. மேடையில் எழுத்தாளர் மாதக்கணக்கில் காத்திருந்தார். அகதிகள் வீடு திரும்ப வழி கேட்டார், மறுபடி கேட்டார். எல்லாம் பேசித் தீர்க்கக் கூட்டுவதாகச் சொன்ன மாநாடு கூடவேயில்லை. கடைசிவரை அவர் நின்றுகொண்டேயிருந்தார். கிறிகோரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரை விழுந்ததும் முதலில் கைதட்டியது அவர்தான்.

“மண்டியிடவில்லை. ஆனால் சிஞ்ஞோரா, மீசை கோணல்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வரும் ஏப்ரல் இருபத்துநான்கு, ஆர்மேனியர் தம் மாண்டவர்களை நினைக்கும் நாள். அன்று மாலை, கிறிகோரியின் அழைப்பில், அவருடைய நண்பர்கள் முன்னிலையில், நாகபூசணி அதே நாடகத்தை இத்தாலியனில் நடிக்கிறார்.