சுவரைத் தாண்டிய நிழல்

சேரப்பணஞ்சேரி அன்னபுஷ்பத்துக்கு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் தோட்ட வேலை. காண்ட்ராக்டில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. காம்பவுண்டு ஓரத்துப் புங்க மரங்கள் எல்லாம் அவள் கன்றாக நட்டவை. வாரம் ஒருமுறை ஹோஸ் பிடித்து இலைகளைக் கழுவுவாள். தண்ணீர் கறுப்பாக வடியும்.

"இது அத்தினியும் நம்ம நெஞ்சுல போயி உக்காந்திருக்கும்" என்பாள், கூட வேலை செய்யும் செல்வலட்சுமியிடம்.

அவள் கணவர் சாலமோனின் நெஞ்சில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. லாரி யார்டு கேட்டில் பதினைந்து வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். சாலையை அகலமாக்க வீட்டெதிரே நின்ற புளிய மரங்களை வெட்டிய பிறகு, லாரிப் புழுதி நேராக வீட்டுக்குள்ளேயே வந்தது. சன்னலில் ஈரப் புடவை கட்டிப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அது செம்மண் நிறமாகிவிடும். நாலு வார்த்தை சேர்த்துப் பேச அவருக்கு மூச்சு போதவில்லை.

சூப்பர்வைசர் டில்லிபாபுவிடம் கேட்டாள். "பகல்ல மட்டும் மரத்தடியில ஒரு ஓரமா உக்காந்துகினு இருப்பாரு சார்."

"உள்ள வுட மாட்டாங்கக்கா. பாஸ் கேப்பாங்க."

கம்பெனிக்குப் பின்னால் லாரி நுழையாத சந்து ஒன்று உண்டு. புங்கக் கிளைகள் சுவரைத் தாண்டி அங்கே நிழல் விரித்திருந்தன. மறுநாள் முதல் ஷேர் ஆட்டோவில் அவரையும் கூட்டிவந்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டு மாதத்தில் இருமல் தணிந்தது. ஒருநாள் நடுவில் நிறுத்தாமல் யார்டு கதை ஒன்றை முழுசாகச் சொல்லிச் சிரித்தார்.

மார்ச்சில் ஆர்டர் வந்தது. கிளைகள் கேமராவை மறைக்கின்றன. சுவரைத் தாண்டியதையெல்லாம் வெட்டவேண்டும்.

"வேற ஆள அனுப்புங்க சார்."

"ஆளு இல்லக்கா. இன்னிக்கே முடிக்கணுமாம்."

ஏணியில் ஏறி அரிவாளை ஓங்கியவள் கீழே பார்த்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா புஷ்பம், பாத்துகினே நிக்கிற? வெட்டு. வேல போயிடப் போவுது."

ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். பத்தடி தூரத்துக்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். அவள் வெட்டினாள்.

அதற்குப் பிறகு சந்தில் வெயில்தான். அவர் வீட்டிலேயே கிடந்தார். மே மாதம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்; ஒன்பதாம் நாள் போய்விட்டார். நுரையீரல் பல வருஷமாகவே கெட்டுப்போயிருந்தது என்றார் டாக்டர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவள், நேராக டில்லிபாபுவிடம் போனாள்.

"தோட்டம் வேணாம் சார். கேண்டீன்ல தட்டு கழுவுறேன்."

டில்லிபாபு அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்.