கொட்டிலில் தொங்கிய விளைமீன்

அறுபதுகளின் கடைசியில், கடலோரக் குருநகரில் மீன் விற்கும் ஒருவர் தன் கடை வாசலில் தொங்கவிட மரத்தில் ஒரு விளைமீன் செய்து தரச் சொல்லியிருந்தார். நான் அச்சுவேலியில் தச்சன். எங்களுடையது சைவ வீடு. மற்ற நாட்களில் எப்படியோ, வெள்ளிக்கிழமைகளில் மீன் என்ற பேச்சே வாசல் படலை தாண்டி உள்ளே வராது. ஆனாலும் வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. செதில்களை ஒவ்வொன்றாகக் குடைந்தேன். கண்ணுக்கு மட்டும் மூன்று தரம் வர்ணம் பூசி அழித்தேன். கடைசியில் வார்னிஷ் அடித்து, காயட்டும் என்று வாலில் கயிறு கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நல்ல நாளென்று தங்கச்சியைப் பெண் பார்க்கக் கொடிகாமத்திலிருந்து வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் வாளியோடு பின்னால் போனேன். கொட்டிலில் தொங்கிய மீனைக் கண்டதும் அவர் நின்றார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையிலையும் மச்சமோ?"

மரம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அந்த மரத்தை வாங்கியதும் அரிந்ததும் செதுக்கியதும் நான். அந்தச் சொல்தான் வரவில்லை. தங்கச்சியின் கலியாணம் குழம்பப்போகிறது என்பது மட்டுமே தலைக்குள் நின்றது.

"உது எங்கடையில்லை ஐயா. பூனை கொண்டந்து போட்டுது."

"பூனையோ கயித்திலை கட்டினது?"

"கட்டினது நான். பூனைக்கு எட்டாமல் இருக்கட்டுமெண்டு."

"பிறகு ஆருக்காம்?"

"குருநகரிலை ஒராளுக்கு."

"ஏன், அங்கை மீனுக்குப் பஞ்சமோ?"

நியாயமான கேள்வி. குருநகருக்கு மீன் கொண்டுபோகிற அச்சுவேலியான் யார் என்று நானே குழம்பிப்போனேன். பதிலுக்குப் பாய்ந்து மீனைப் பிடித்து ஒளிக்கப் பார்த்தேன். கயிறு அறுந்தது. மீன் பலகைகளின் மேல் டொக்கென்று விழுந்தது.

அவர் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். விரலில் வார்னிஷ் ஒட்டிக்கொண்டது.

"மரமல்லோ இது?"

"ஓம் ஐயா," என்றேன், அவரைவிட ஆச்சரியத்தோடு.

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"மறந்துபோனன்."

அவர் கால் கழுவி உள்ளே போனார். நேரே போய்ச் சால்வையையும் மனைவியையும் எடுத்துக்கொண்டு புறப்படப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கதிரையில் அமர்ந்து, விரலைத் துடைத்தபடி மனைவியிடம் சொன்னார்:

"தமையனுக்குப் பயம் கொஞ்சம் கூடத்தான். மற்றும்படி சைவந்தான்."

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, தேத்தண்ணியைக் கொண்டு வாவன், ஆறப்போகுது," என்றார்.

நான் வாசலில், மீனை இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் ஒளித்தபடி நின்றேன். எதற்கென்று கேட்காதீர்கள்.