மூங்கிலில் ஏறமாட்டேன் என்றவர்

என் வீட்டுக்காரர் குறுக்குத்துறைப் படியில் விழுந்துதான் இடுப்புக்குக் கீழே வராமல் போனது. ஆறு கலங்கி வருகிற கார்த்திகை மாதம். இன்றைக்குக் குளிக்கப் போகவேண்டாம், படியெல்லாம் பாசியாகக் கிடக்கும் என்று சொன்னேன். நான் சும்மா இருந்திருந்தால் அவரும் சும்மா இருந்திருப்பார். சொன்னதற்காகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு தூக்கினதெல்லாம் நான்தான்.

தெருத்தெருவாகக் கேபிள் டிவி வந்துகொண்டிருந்த சமயம் அது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். புறவாசலை ஒட்டின அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தேன். கக்கூஸ் தோட்டத்துக் கடைசியில், செங்கல் பாவின பாதை தாண்டி. காலையில் ஒரு தரம், மற்றபடி அவருக்குத் தோன்றுகிறபோதெல்லாம், கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி, இழுத்து, இறக்கி, உட்காரவைத்து, திரும்பக் கொண்டுவந்து போடவேண்டும். நல்ல கனத்த உடம்பு. தூக்குகிற நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், என்மேல் நாற்றம் அடிக்கிற மாதிரி. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க ஆசை இல்லை. கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாமலே பிள்ளை பெற்று, கட்டிக்கொடுத்து, எல்லாம் முடித்துவிட்டோம்.

தூக்கித் தூக்கி எனக்கு அடிவயிற்றில் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. இதைச் சொல்ல வெட்கப்படுகிற வயது போய்விட்டது, சொல்லுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனிமேல் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது, தூக்கினால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “பொம்பளைன்னா அப்படித்தான்” என்றார். அன்றைக்குச் சாயங்காலமும் நான்தான் தூக்கினேன்.

சக்கர நாற்காலி வாங்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கக்கூஸ் வாசலில் அது நுழையாது. நுழைந்தாலும் அதிலிருந்து கீழே இறக்கத் தூக்கத்தானே வேண்டும். தரையோடு தரையாக, கட்டையைக் கையில் பிடித்து ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிற சக்கரப் பலகைதான் சரி. பழைய அலமாரிக் கதவை அறுத்து ஆசாரி ஒன்று செய்து கொடுத்தார். அதில் ஏறினார். ஆனால் செங்கல் பாதையில் ஒவ்வொரு கல்லுக்கும் தடக் தடக்கென்று முதுகில் அடித்தது. நாலாம் நாளே இடுப்பில் புண். டாக்டர் அதைத் தூக்கிப் போடச் சொன்னார். மறுபடியும் நான்.

அப்போதுதான் மூங்கில் ஞாபகம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் அப்பாவின் வாழைத் தோட்டத்துக்குப் போகிற வாய்க்காலில் மூங்கிலைப் பிளந்து பிளாச்சாக அடுக்கின பாலம் கிடக்கும். குலையைச் சுமந்துகொண்டு ஆள் நடந்தால் அது பைய அமுங்கும், கால் எடுத்ததும் எழும்பும். சுமக்கிறவன் முழங்காலில் அடி விழாது. அந்த மாதிரி ஒன்று செய்தால் அவர் முதுகு தப்பும், என் வயிறும் தப்பும். அவர் முதுகுக்காகச் செய்யவில்லை. என் வயிற்றுக்காகத்தான்.

டவுனில் ஏணிக்கடைக்குப் போனேன். பாடைக்கு மூங்கில் வாங்குகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பச்சை மூங்கிலாக இரண்டு உருவிப் போட்டார்.

“பச்சை வேண்டாம் அண்ணாச்சி. முத்திக் காய்ஞ்சது ஒண்ணு குடுங்க.”

“காய்ஞ்சது தோளுல குத்துமே தாயி. எப்ப எடுக்காவ?”

“எடுக்கதுக்கு இல்ல. உக்காருததுக்கு” என்றேன். பச்சையை உள்ளே தள்ளிவிட்டு, காய்ந்ததில் ஒன்றை உருவினார். வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அரிவாளை வைத்துக் மரக்கொட்டாப்புளியால் அடித்துப் பிளந்தேன். இரண்டு விரல் அகலப் பிளாச்சு. உள்பக்கக் கணுவையெல்லாம் செதுக்கி எடுக்க உள்ளங்கை கிழிந்தது. துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஊறப்போட்டேன். ஊறாத மூங்கிலை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். தொட்டி நாறியது. உள்ளேயிருந்து அவர் “எளவு நாத்தம்” என்று கத்தினார், என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு நிழலில் காயவைத்தேன். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மூன்று அடுக்கு. கீழே நீளவாக்கில், நடுவில் குறுக்கே, மேலே மறுபடியும் நீளவாக்கில். மூங்கில் தோலில் பசை ஒட்டாது. அதனால் கீழ் அடுக்குக்குத் தோல் கீழே பார்க்க, மேல் அடுக்குக்குத் தோல் மேலே பார்க்க வைத்து, நடு அடுக்குக்குத் தோலை அடியோடு சீவிவிட்டேன். ஆசாரிமார் காய்ச்சுகிற வஜ்ரப் பசை தண்ணீர் பட்டால் இளகும் என்று, இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற பசையை வாங்கிப் பூசினேன். பூசினதும் நடுவில் அடியிலே உலக்கையைக் கொடுத்து, ஒரு முனையில் அம்மியையும் மறு முனையில் கிரைண்டர் வந்தபிறகு சும்மா கிடந்த ஆட்டுரலையும் ஏற்றினேன். தூக்கவில்லை, பக்கத்துவீட்டுத் திண்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னேன். காய்ந்து எடுத்தபோது பலகை நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும். ஆள் உட்கார்ந்தால் நேராகும், எழுந்தால் பழையபடி வளையும். வண்ணார்பேட்டைப் பட்டறையில் நாலு பேரிங்கைச் சக்கரமாக மாட்டிக்கொடுத்தார்கள். உட்காருகிற இடத்துக்கு எங்கள் கல்யாணத்துப் பத்தமடைப் பாயை வெட்டினேன். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நெய்த பாய். அவர் பெயர் இருந்த பக்கத்தை வெட்டினேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவருடைய அக்கா, என் மதினி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தாள். வாரம் தவறாமல் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து, வீட்டில் உள்ள குற்றத்தையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். சுவரில் சாய்த்துவைத்திருந்த பலகையைப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

“ஏட்டி, உசுரோட இருக்கவனுக்குப் பாடை கட்டி வச்சிருக்கியே. மூங்கில்லயா மனுசனை ஏத்துவாக?”

அதுவரை அவருக்கு அந்த நினைப்பே கிடையாது. மதினி வாயிலிருந்து விழுந்ததும் லாவிப் பிடித்துக்கொண்டார்.

“நான் செத்தபிறவு மூங்கில்ல ஏறுதேன். அதுவரைக்கும் நீ தூக்கு” என்றார்.

“தூக்க மாட்டேன். இனி ஒங்களைத் தொடவே மாட்டேன்” என்றேன்.

மதினி எழுந்துவிட்டாள். “கட்டினவனைத் தொடமாட்டேங்கியே. பிறவு எதுக்குட்டி ஒனக்குத் தாலி?”

“தூக்குததுக்கு இல்ல மதினி. ஒங்க தம்பிதானே, நீங்க தூக்குங்க.”

அவளும் ரோஷக்காரி. முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு கக்கத்தில் கையைக் கொடுத்தாள். இழுத்த இழுப்பில் அவர் பாதி கட்டிலிலும் பாதி வெளியிலுமாகத் தொங்க, இவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “விடுக்கா, விடு” என்று அவர் அலறினார். கட்டில் சட்டத்தைப் பிடித்து அவராகவே ஊர்ந்து மேலே ஏறிக்கொண்டார். ஸ்ரீவைகுண்டத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள், இப்போதே கார் பிடித்துத் தருகிறேன் என்றேன். அதற்கு மதினி, மருமகள் வீடு, இடம் காணாது, தண்ணீர்க் கஷ்டம் என்று ஏதேதோ சொன்னாள். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். கொண்டுவந்த சீப்பில் பாதியைப் பிய்த்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் பலகையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். உருளாதபடி சக்கரத்துக்குச் செங்கல் அண்டை கொடுத்தேன். ஊன்றுகிற கட்டை இரண்டையும் மேலே வைத்தேன். முறத்தில் புளியை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். அவர் காலையிலிருந்து போகவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

இருமினார். சுவரைப் பார்த்து, “இங்க ஒரு மனுசன் கெடக்கான்” என்றார். நான் புளியைக் கிளறினேன். என் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்து வைதார். அதற்கும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் போய்த் தூக்கியிருப்பேனோ என்னவோ. வெயில் கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. தொப்பென்று சத்தம். செங்கல் உருண்டது. பேரிங் கரகரவென்று வந்தது.

என்னைத் தாண்டிப் போனார், தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பார்வை கிடையாது. நான் அவரைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் அது அமுங்கி எழும்பினது. அவர் முதுகு குலுங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அத்தனை மாதமும் அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது, நான் நிற்கவேண்டும் என்பதால்.

திரும்பி வருகையில் துவைக்கிற கல் பக்கத்தில் பலகையை நிறுத்தினார். “இடது பக்கம் இழுக்கு.”

“வலது கையைப் பலகையோட சேத்து ஊணுங்க” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. கட்டிலை எடுக்கச் சொல்லித் தரையோடு மெத்தை போட்டுவிட்டேன், பலகையிலிருந்து அவரே ஏறி இறங்கிக்கொள்வார். அதன்பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டதே கிடையாது. சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து நகர்த்துவேன், பலகையில் வந்து எடுத்துக்கொள்வார். பேரிங் தேய்ந்தால் பலகையைக் குப்புறக் கவிழ்த்து அடுக்களை வாசலில் போட்டிருப்பார், நான் மாற்றிக்கொண்டு வருவேன். எனக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மதினி ஊர் முழுக்கச் சொன்னாள், சொல்லட்டும்.

பலகை நன்றாயிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கடைசியில் மூங்கிலில் ஏறினீர்களா இல்லையா என்று நானும் கேட்டதில்லை. பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் இல்லை. கேட்டால் அந்த நிமிஷமே இறங்கிவிடுவார்.