குப்புறப் படுங்கோ

நான் இருக்கும் ஜேர்மன் நகரமான எசனில் இன்று, நாடெங்கும் போலவே, சைரன் ஒத்திகை. அந்த ஊளை எழும்பியதும் எனக்கு மீண்டும் எட்டு வயதாகிவிட்டது.

அப்போது, போருக்குத் தப்பி வந்த புதிதில், இங்கே ஒரு சிற்றூரில் இருந்தோம். பக்கத்து வீட்டு உர்சுலா அன்ரி எங்கள் மேசையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருக்கோடி இரசாயன ஆலை வெடித்தது. அன்ரி பார்க்கவென்று யன்னலுக்கு ஓடினார்.

ஷெல்லடி என்றே நினைத்த அம்மா, "குப்புறப் படுங்கோ! அடுத்தது வரும்!" என்று கத்தி, அவரை இழுத்து விழுத்தினார்.

அடுத்ததும் வெடித்தது. கண்ணாடி முழுவதும் எங்கள் முதுகில் கொட்டியது.

அன்று ஆலைக்கு வேலைக்குப் போன இருவர் எங்கள் தெருவுக்குத் திரும்பவேயில்லை. அவர்களின் வீடுகளுக்கு அம்மாவும் அன்ரியும் சேர்ந்து சமைத்துக் கொண்டுபோனார்கள், மாதக்கணக்காக.

சைரன் ஓய்ந்ததும் தொலைபேசி அடித்தது. எண்பது வயது அன்ரி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் கத்தினார்:

"குப்புறப் படுங்கோ!"

"ஓம் அன்ரி, படுத்திட்டன்."