கட்டின் நடுவிலிருந்து ஏழு

தைத்து வைத்த சட்டைக் கட்டின் நடுவில் கையை விட்டு செக்கர் ஒரு சட்டையை உருவினாள். அடுத்ததையும் நடுவிலிருந்தே எடுத்தாள். மெஷினில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கால் பெடல்மேல் அப்படியே நின்றது.

"மேல இருக்கறத எடுக்கலையா, பாப்பா?"

"இன்னைக்கு நடுவுல இருந்து எடுக்கறேன், அண்ணி."

"என்ன செக்கரக்கா, கட்டுக்குள்ள தங்கம் தேடறியா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

செக்கர் மூன்றாவதையும் நடுவிலிருந்தே உருவினாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளை இந்தத் தொழிற்சாலையில் நூல் வெட்டும் மேசையில் சேர்த்துவிட்டது அண்ணிதான். அவள் கண் சும்மா இருக்காது என்று கண்டு, பிறகு தையல் பிழை பார்க்கும் செக்கராக்கினார்கள். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோள் தையல் கோணியிருந்தால் இறங்கும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. "கல்யாணத்தன்னைக்குக்கூட என் மூஞ்சியப் பாக்கல, காலரைத்தான் பாத்தா" என்று அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

முன்பெல்லாம் சட்டை முழுதாக முடிந்த பிறகுதான் சோதனை. பிழை தெரிவதற்குள் ஐந்நூறு சட்டை தைத்துத் தீர்ந்திருக்கும். ஆறு மாதமாகப் புது முறை. செக்கர் மணிக்கொரு தடவை ஒவ்வொரு மெஷினாகப் போய் ஏழு உருப்படி பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை அட்டை; இரண்டில் பிழை இருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷின் நிற்கும். கோளாறு மெஷினில் இல்லையென்றால் தைத்தவர் நூல் வெட்டும் மேசைக்குப் போக வேண்டும்.

ஏழு உருப்படியையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்க வேண்டும் என்பது விதி. அண்ணியின் சட்டைக் கட்டில் மட்டும் அவள் மேலிருந்தே எடுத்து வந்தாள். நல்லவை ஏழும் எப்போதும் மேலேயே இருந்தன. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே வீட்டில் கீழே அண்ணி, மாடியில் அவள். ஒரு வருடமாக, வீட்டில் பொத்தான் தைக்கக்கூட, ஊசியில் நூல் கோக்க அண்ணி மாடிப்படி ஏறி வருகிறாள்.

முந்தின நாள் நானூறு சட்டைகள் திரும்பி வந்திருந்தன. கை, உடம்போடு சேரும் இடத்தில், அக்குளுக்கு அடியில் தையல் விட்டிருந்தது. அது அண்ணி தைக்கும் இடம். சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பச்சை மாட்டினது நீதானே? இன்னொரு தடவை திரும்பி வந்தா ஆர்டர் போயிடும். லைன்ல முப்பது பேரு வீட்டுக்குப் போகணும். உன் அண்ணியும் சேத்துத்தான்."

இப்போது நடுவிலிருந்து எடுத்த ஏழில் மூன்றில் தையல் இடையிடையே விழாமல் தாண்டியிருந்தது. செக்கர் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சிவப்பை மாட்டினாள்.

மெக்கானிக் வந்து புது ஊசி போட்டார். இரண்டு சட்டைக் கைகளை உடம்போடு சேர்த்துத் தானே தைத்துக் காட்டினார். பிசிறில்லாமல் வந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதாக்கா?"

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. கத்தரியையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மேல இருந்து எடுன்னு நான் என்னைக்காவது உன்கிட்ட கேட்டேனா?"

"இல்லண்ணி."

"என் கண்ணு மங்குறது உனக்குத் தெரியும். ஊசி கோத்துக் குடுக்கறவ நீ. டாக்டர்கிட்ட வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னியா? மேல இருந்து எடுத்தியே தவிர."

"நீங்களும் நல்லத மேலதானே வெச்சீங்க."

"வெச்சேன்" என்று அண்ணி எழுந்தாள். "நீ எடுத்துக்கிட்ட."

மறுநாள் அண்ணி கால் மணி நேரம் முன்னதாகவே தனியாகக் கிளம்பிப் போயிருந்தாள். அவள் மெஷினில் அடுத்த லைனிலிருந்து வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். செக்கர் எட்டுச் சுற்று வந்தாள். எல்லா மெஷினிலும் நடுவிலிருந்தே எடுத்தாள். சிவப்பு விழவில்லை. மத்தியானம் அண்ணி நூல் வெட்டும் மேசைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஐந்து மணிக்கு அண்ணன் வாசலில் வந்து நின்று அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். செக்கர் ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.