கம்ப்யூட்டருக்கு வைத்த பொரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் ஆஸ்டின் டவுனில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று எங்களுக்கு வந்தது. செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டேன்.

என் வகுப்பில் ஒரு பெண், இரண்டு முறை ஃபெயிலானவள். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அதிசயம். "இவளுக்குப் படிப்பு ஏறல மிஸ், இந்த வருசமும் போச்சுன்னா பொம்மசந்திராவுக்கு எங்கூடவே கூட்டிக்கினு போயிடறேன்" என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார். அவருக்கு அங்கே பேக்டரியில் வேலை. கம்ப்யூட்டர் வந்தபின் அந்தப் பெண் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மற்றவர்கள் கேம் வேண்டும் என்று என் உயிரை எடுப்பார்கள். இவள் நோட்டில் கணக்கைப் போட்டுக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் விடை சரிபார்ப்பாள். தப்பாக இருந்தால் மறுபடி நோட்டுக்குப் போவாள். தசராவுக்கு முந்தைய பரீட்சையில் கணக்கில் பாஸ்! "மெய்யாலுமா மிஸ்?" என்று பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

லீவு விடுவதற்கு முன்தினம் ஆயுத பூஜை செய்தோம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைக்க அவளைத்தான் கூப்பிட்டேன். அவள் சந்தோஷத்தில் கை கொள்ளாமல் அள்ளி வைத்துவிட்டாள். நான் ஒரு தட்டில் பொரி கடலை வைத்துக் கும்பிட்டேன். அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம்.

லீவு முடிந்து திறந்தால் திரை இருட்டாகவே கிடந்தது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். வகுப்பு முழுக்க நிற்கும்போதே அவள் பக்கம் திரும்பினேன். "குங்குமத்தக் கொட்டி நாசம் பண்ணிட்டியே! இனிமே இந்த ரூம் பக்கம் வந்தா காலை ஒடிச்சிடுவேன்!"

பொட்டு வைக்கச் சொன்னது நான்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் அவள் வரவில்லை.

ரிப்பேர்காரர் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "குங்குமத்துக்கெல்லாம் இது கெடாது மேடம். எலி ஒயரக் கடிச்சிருக்கு. உள்ள பாருங்க, ஒரே பொரி. யாரு மேடம் பொரிய இங்க வச்சிட்டுப் போனது?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். பேக்டரியிலிருந்து அம்மாவும் மகளும் அப்போதுதான் வந்திருந்தார்கள். தப்பு என்னுடையது, எலியை வரவழைத்ததே நான் வைத்த பொரிதான் என்று இருவரிடமும் சொன்னேன். நாளைக்கே பள்ளிக்கு வா என்று கெஞ்சினேன்.

"பரவால்ல மிஸ், நீங்க உக்காருங்க" என்று அவள் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இவள மெஷின்ல போடறோம், கூலி ஜாஸ்தின்னு சூப்பர்வைசர் கூப்டாரு மிஸ். இவதான், நான் தொட்டா மெஷின் கெட்டுப் போயிடும்னு சொல்லிட்டு, அட்டப் பெட்டி ஒட்டுற எடத்துல போய் உக்காந்துகினா."

அவள் தலை நிமிரவில்லை. விரல்களில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.