கதவுக்குப் பின்னால் இருந்த ஆணி

கட்கியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தது. அப்பாவின் பெல்ட் அதில் தொங்கும். அகலமான தோல், பித்தளை பக்கிள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஐந்து மணிக்கு வருவார். டீயைக் குடித்துவிட்டு அக்காவையும் என்னையும் எதிரே உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்பார். அடிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தப்பாகச் சொன்னவளே எழுந்துபோய், பெல்ட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்க வேண்டும். ஆணிவரை ஏழெட்டு அடி தூரம்தான் இருக்கும்.

அதிகம் நடந்தவள் அக்கா. ஒருநாள் பக்கிள் பட்டு அவள் தோள்பட்டை கிழிந்தது. பள்ளிக்கூடச் சட்டை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டுவிட, அம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றி அதைப் பிரித்தெடுத்தாள். அன்று அடி விழும்போதே பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் ஓடிவந்து, "பஸ் கரா, பாவூ!" என்று கத்தினாள். போதும், நிறுத்துங்கள் என்று கெஞ்சியவளின் முகத்துக்கு நேரே அப்பா கதவைச் சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒருத்தியை அடித்து ஓய்ந்தால் இன்னொருத்தியை விட்டுவிடுவார். அதனால் அக்கா எனக்காக வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாள் என்று நம்பினேன். முப்பது வருடம் அப்படியே நம்பி, அதை நினைத்து எத்தனையோ முறை அழுதிருக்கிறேன்.

இப்போது நான் அதே நகரத்தின் இன்னொரு மூலையான வானவடியில் இருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஒரு டீச்சர் காதோடு சேர்த்து அறைந்தாள் என்று நான் போய்ப் பெரிய சண்டை போட்டு, மகளைக் கையோடு அழைத்துவந்தேன். வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எல்லோரிடமும் மார்தட்டினேன். முதல் வருடம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் வருடம் காலை ஒன்பது மணி ஆனாலே எனக்குள் பேய் புகுந்துவிடும். நோட்டைக் கிழித்து எறிந்தேன். எவர்சில்வர் டம்ளரை விட்டெறிந்ததில் சுவரில் காரை பெயர்ந்தது. கடைசியில் ஒருநாள் இரும்பு ஸ்கேலால் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். தோல் கன்றி இரண்டு கோடுகள் தடித்தன.

மறுநாள் காலை, எட்டேழு எவ்வளவு என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த ஸ்கேலை எடுத்துவந்து, "இந்தாம்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். கட்கி வீட்டு ஆணியைப் பற்றி அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்கேலை முழங்காலில் வைத்து உள்ளங்கை கிழிகிற வரை வளைத்தேன். அன்று மதியமே வேறொரு பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிவைத்தேன். அடிப்பதற்கு வெளியாளே போதும், பெற்றவள் எதற்கு?

பிம்ப்ரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "நீ எனக்காக வாங்கிக்கினியே அந்த அடி, அத நான் என் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்க்கா."

அக்கா சிரித்துவிட்டாள்.

"உனக்காகவா? அட போடி. எனக்கு நெஜமாவே தெரியாதுடி. அப்பா மூஞ்சியப் பாத்தா எட்டும் மறந்துடும், ஏழும் மறந்துடும். பெல்ட்ட எடுக்க அந்த ஆணிகிட்ட போய் நின்னா டக்குனு ஞாபகம் வந்துடும். வந்து சொல்லுவேன். அவரு காதுலயே வாங்கமாட்டாரு. ஒரே ஒருவாட்டி கேட்டிருக்கலாம்டி."

போனை வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. பெல்ட்டைக் கொடுக்கும்போதெல்லாம் அக்காவின் உதடுகள் அசையும். அடிக்காதீங்கப்பா என்று கெஞ்சுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் விடையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று சொல்லச் சொல்லத்தான் அந்த அடி விழுந்திருக்கிறது. அப்பா இன்று உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அந்த வெறியில் படிவத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அப்பா காதில் வாங்காததை நானாவது கேட்க வேண்டும் என்று என்னை மறுபடியும் மகளுக்கு எதிரே உட்காரவைத்தது அந்தக் கோபம்தான்.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஓர் ஆணி இருக்கிறது. மகளின் ரெயின்கோட் அதில் தொங்குகிறது. மறுநாள் காலை அதே கேள்வியைக் கேட்டேன். அவள் கண் உடனே அலமாரிப் பக்கம் போயிற்று.

"ஸ்கேல் வேணாம். அந்தக் கதவு வரைக்கும் சும்மா போயிட்டு வா."

சந்தேகத்தோடு போனாள். ரெயின்கோட்டைத் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். வெறும் கையோடு திரும்பி வந்தாள்.

"அம்பத்தி நாலு."

பொய் சொல்லமாட்டேன், என் கை துடித்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"இன்னொருவாட்டி போயிட்டு வா," என்றேன்.

இந்த முறை அவள் ஓடினாள்.